கொம்பனுக்கு வைத்த பயிற்சி

நான் இதுவரை ஏழு கிளப்புகளிலிருந்து துரத்தப்பட்டிருக்கிறேன். ஏழு தடவையும் பூங்கொத்து கொடுத்தார்கள். கால்பந்துக் கோச்சை வெறுங்கையோடு அனுப்பினால் பத்திரிகைக்காரன் கேள்வி கேட்பான் என்று ஒரு பயம். என் மனைவிக்கு ரோஜா வாசனை பட்டாலே பெட்டிகளை எங்கே வைத்தோம் என்றுதான் நினைவு வரும்.

உட்காரச் சொன்னதற்கு நன்றி. தண்ணீர் வேண்டாம்.

கோச் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஜெயித்தால் பையன்கள் பிரமாதமாக ஆடினார்கள். தோற்றால் கோச்சுக்கு ஆடவைக்கத் தெரியவில்லை. மழை பெய்து பந்து சேற்றில் நின்றால்கூட என் குற்றம்தான். இருபத்தாறு வருஷம் மைதான ஓரத்தில் நின்று கத்தியதில் தொண்டை போனது, முட்டி போனது. மகள் ஒன்பது பள்ளிக்கூடம் மாறினாள். அப்பா என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால் "இப்போதைக்கு கோச்" என்று சொல்லப் பழகியிருந்தாள்.

எட்டாவது கிளப்புக்கு வந்தபோது மனைவி சுவரில் அலமாரி வைக்கத் தச்சரை வரச்சொன்னாள்.

"கழட்டி எடுத்துட்டுப் போற மாதிரி செய்யட்டுமாம்மா?" என்று அவர் கேட்டார்.

"வேண்டாம். சுவரோட சேத்து அடிச்சுடுங்க," என்றாள். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் வைத்த ஒரே கோரிக்கை அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கிளப்பின் கேப்டனைக் கொம்பன் என்று கூப்பிடுவார்கள். தடுப்பாட்டக்காரன், ஆறடிக்கு மேல் உயரம். காற்றில் வருகிற எந்தப் பந்தையும் நெற்றியால் முட்டி வந்த வழியே அனுப்பிவிடுவான். நல்லவன். என்னை அண்ணா என்பான். நான் அரை மணி நேரம் பலகையில் கோடு போட்டு விளக்கி முடித்ததும் பையன்கள் மொத்தப் பேரும் அவன் பக்கம் திரும்புவார்கள். "அண்ணா சொல்றது சரிதான்டா," என்பான் அவன். அப்புறம்தான் தலையாட்டுவார்கள். சொந்த மனைவியோடு பேசுவதற்குப் பக்கத்து வீட்டுக்காரன் சிபாரிசு வேண்டியிருந்தால் எப்படியிருக்கும்? அப்படி இருந்தது.

சீசன் முடிய எட்டு ஆட்டம் பாக்கி இருந்தபோது ஒரு நாள் கிளப் அலுவலகக் கழிப்பறையில் உட்கார்ந்திருந்தேன். கோச்சுகளின் எதிர்காலம் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது. கூட்ட அறையில் கையெழுத்து மட்டும்தான் போடுவார்கள். தலைவரும் செயலாளரும் கை கழுவ வந்தார்கள்.

"சீசன் முடியட்டும், கொம்பனையே கோச்சாப் போட்டுடலாம்," என்றார் தலைவர். "பசங்க அவன் சொன்னாதான் கேக்கறாங்க."

"அப்போ இவரு?"

"இவருக்கு என்ன, பழகினவர்தானே. பூவுக்குச் சொல்லிடுங்க."

தலைவர்மேல் கோபம் வரவில்லை. அவர் டைல்ஸ் கம்பெனி முதலாளி. பந்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது உருண்டை என்பதுதான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஆட்டத்தில் கொம்பன் எதிரணிக்காரனோடு தலை மோதி விழுந்தான். எழுந்து ஆடியும் முடித்தான். உடை மாற்றும் அறையில் இடது ஷூவை வலது காலில் மாட்டிக்கொண்டு, யார் ஜெயிச்சது என்று மூன்று தடவை கேட்டான். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. எங்கள் அணியின் டாக்டர், சின்ன வயசு, எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிற ரகம். திங்கட்கிழமை காலையில் அவனைப் பரிசோதித்துவிட்டு என் அறைக்கு வந்தார்.

"மூளை நல்லா குலுங்கியிருக்கு சார். மூணு வாரம் மைதானத்துப் பக்கமே விடாதீங்க. இது ஆறதுக்குள்ள இன்னொரு அடி பட்டா, ஆளு நமக்குத் திரும்பக் கிடைக்க மாட்டாரு."

"தலையால பந்தை முட்டறது மட்டும் பண்ணலாமா?"

"அதுவும் அடிதான் சார். பந்துன்னு மூளைக்குத் தெரியுமா?"

எல்லாவற்றையும் கடிதமாக எழுதி என் கையில் கொடுத்தார். "அவர்கிட்ட சொன்னா மறந்துடறார். அதான் உங்ககிட்ட தரேன்," என்றார். அன்று மத்தியானமே அவருடைய அக்காவுக்குப் பிரசவம் என்று ஊருக்குப் போய்விட்டார். கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். படிக்கிற மாதிரி எழுதுகிற டாக்டரை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

மறுநாள் காலை கொம்பன் வந்து நின்றான்.

"அண்ணா, டாக்டரம்மா ஏதோ சொன்னாங்க. என்னன்னு ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது."

"தண்ணி நிறைய குடிக்கச் சொன்னாங்க," என்றேன். கடிதத்தில் அதுவும் இருந்தது. நான் பொய் சொல்கிறவன் இல்லை.

அன்றைக்கு கார்னர் பயிற்சி வைத்தேன். மூலையிலிருந்து ஒரு பையன் பந்தை உயரமாக அடிக்க வேண்டும், கொம்பன் எம்பித் தலையால் முட்ட வேண்டும். கொஞ்ச நேரத்தில் அவன் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான்.

"லைட்டப் போட்டுட்டாங்களாண்ணா? கண்ணு கூசுது."

பகல் பதினோரு மணி. மேகமூட்டம் வேறு.

"இன்னும் கொஞ்சம்தான்," என்றேன்.

பந்து அடிக்கிற பையன் ஓடிவந்தான். "போதும் சார். கேப்டன் முகமே சரியில்ல."

"உன் வேலைய நீ பாரு," என்றேன். அவன் கொம்பனைப் பார்த்தான். "அண்ணா சொல்றது சரிதான்டா," என்றான் கொம்பன். பையன் திரும்பிப் போனான்.

அப்புறம் கொம்பன் ஷூ கயிற்றைக் கட்டப்போகிறவன் மாதிரி குனிந்து மண்டியிட்டான். எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு பையன்கள் வெறி பிடித்த மாதிரி ஆடினார்கள். அவன் நம்பரைக் கையில் எழுதிக்கொண்டு ஆடினார்கள். வரிசையாக ஆறு வெற்றி, கோப்பையும் வந்தது. தலைவர் மேடையில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். மூன்று வருஷ ஒப்பந்தம் தந்தார். வீட்டில் அலமாரிக்குக் கதவு போட்டாயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வீட்டுக்குப் போவேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான். அவன் மகள் சோறு ஊட்டுவாள், யார் பெற்ற பெண்ணோ என்று பார்த்துக்கொண்டே வாயைத் திறப்பான். ஒரு நாள் அவன் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்ணா. தலைவர் இவரைக் கோச்சா வரச்சொல்லிக் கேட்டிருக்காரு. 'அண்ணா இருக்கற வரைக்கும் அந்தப் பேச்சே எடுக்காதீங்க'ன்னு சொல்லிட்டு வந்துட்டாராம். அடிபடறதுக்கு முந்தின நாள்தான் எங்கிட்ட சொன்னாரு."

டீயை முழுசாகக் குடித்தேன். சர்க்கரை கொஞ்சம் தூக்கல். அதை அவன் என்னிடமே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த அளவுக்கு அவன்மேலும் தப்பு இருக்கிறது.

அவன் விழுந்த பிறகு விசாரித்தபோது, கடிதம் என் கைக்கு வரவே இல்லை என்று சொன்னேன். டாக்டரம்மாவுக்கு வேலை போனது. அவருக்காகப் பரிதாபப்பட்டு இங்கே வந்தேன் என்று எழுதிவிடாதீர்கள். போன வாரம் உங்கள் விசாரணை அறிக்கையைப் படித்தேன். கேப்டனின் நிலையைக் கவனிக்காமல் பயிற்சி நடத்தியது கோச்சின் கவனக்குறைவு என்று போட்டு, எனக்கு ஒரு எச்சரிக்கையும் கொடுத்திருக்கிறீர்கள். மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. இருபத்தாறு வருஷத்தில் நான் தோற்றிருக்கிறேன், திட்டு வாங்கியிருக்கிறேன். கவனக்குறைவு என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

இதோ கடிதம். மடிப்பில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, படிக்கலாம். அறிக்கையில் அந்தச் சொல்லை அடித்துவிட்டுச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பந்துக்கும் அவன் முகத்தைப் பார்த்தேன். முப்பத்தெட்டாவது பந்தில் அவன் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அதையும் பார்த்துவிட்டுத்தான் முப்பத்தொன்பதாவது பந்துக்கு விசில் ஊதினேன்.