கால் மணி நேரக் கூட்டம்

கூட்டம் என்றால் சொன்ன நேரத்தில் முடிய வேண்டும். அந்த ஒரு விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன், ஐயா. காப்பி ஆறிவிடும், வெயில் ஏறிவிடும். இந்த அரிசோனாப் பாலைவனத்தில் காலை நேரத்தை வீணாக்குகிறவன் மத்தியானம் அழுவான்.

நான் டுவேன் ஹாஃப்ஸ்ட்ரா, இந்தச் சூரிய மின் நிலையத்தின் பாதுகாப்பு அதிகாரி. தினமும் காலையில் கால் மணி நேரம் கூட்டம் நடத்துவேன். முதலில் உடற்பயிற்சி. கொட்டாவி விட்டுக்கொண்டே குனிவார்கள். குனிகிறார்களே, அதுவே பெரிசு. பிறகு பாம்பு, தேள், தண்ணீர் குடிப்பது. அப்புறம் மின்சாரம். வெயில் இருக்கிறவரை பேனலில் கரண்ட் இருக்கும், சூரியனை அணைக்க சுவிட்ச் கிடையாது, பேனல் கம்பிகள் வந்து சேர்கிற பெட்டிக்குத்தான் சுவிட்ச் உண்டு என்பேன். கடைசியில், "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்பேன். அது மரியாதைக்குக் கேட்பது. கிளம்பத் தயாராக நிற்கிற விருந்தாளியிடம் இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கள் என்போமே, அதைப் போல. எல்லோருக்கும் அது புரிந்திருந்தது, எலக்ட்ரீஷியன் ஓடிலியா பிராகமோன்டேயைத் தவிர.

அவளுக்கு ஒரு கையில் புரீட்டோ என்கிற ரொட்டிச் சுருள் இருக்கும். மறு கை மேலே போகும்.

"டுவேன், ஏழாம் பெட்டி சுவிட்சுக்கும் எட்டாம் பெட்டி சுவிட்சுக்கும் நம்பரை மாத்தி ஒட்டியிருக்கு. ஏழுன்னு நினைச்சு அணைச்சா எட்டுதான் அணையுது. ஏழைத் திறக்கிறவன் கதி அதோகதிதான்."

"குறிச்சுக்கிட்டேன், ஓடிலியா."

"போன வாரமும் குறிச்சுக்கிட்டீங்க. பேனாவுல மை இருக்கா?"

பேனல் கழுவுகிற கிழவர் வெர்னுக்குச் சிரிப்பில் காப்பி மூக்கில் ஏறியது. கூட்டம் அன்றும் நேரத்துக்கு முடியவில்லை.

போய்ப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். அந்த நம்பர்களைச் சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவன் நான் என்பது ஒரு சின்ன சங்கடம். அதைவிடச் சங்கடம், வியாழக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா வருவதாக இருந்தார். என் கூட்டம் பிடித்துப்போனால் எல்லா நிலையங்களுக்கும் நான்தான் போய்க் கூட்டம் நடத்தக் கற்றுக்கொடுக்க வேண்டும். தண்ணீர்க் கேன் பக்கத்தில் ஓடிலியா என்னை மடக்கினாள்.

"அந்த அம்மா முன்னாடியே கை தூக்கறேன். அப்பவாவது குறிப்பீங்கல்ல?"

எனக்குக் கோபமெல்லாம் வரவில்லை. தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான்.

புதன்கிழமைக் கூட்டத்தில் அவளைப் பாராட்டினேன். "ஓடிலியா சொன்னது சரி. நேத்தே நம்பரை மாத்திட்டேன். எல்லாரும் ஒரு கை தட்டுங்க." தட்டினார்கள். "அட, விடுங்க டுவேன்," என்றாள், முகம் சிவந்து. ஏழாம் பெட்டியில் ஒரு திருகாணி தளர்ந்திருக்கிறது, முன்னால் போய் நில், வருகிறேன் என்றேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அவளே சண்டை போட்டுக் கொண்டுவந்தது. பெட்டியில் கை வைக்கிறவர் தானே சோதிக்கக் கூடாது. அதிகாரி மீட்டர் வைத்துப் பார்த்து, கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று உரக்கச் சொல்ல வேண்டும், வேலை செய்கிறவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அதுவரை தடித்த ரப்பர் உறை கையிலேயே இருக்க வேண்டும். "சட்டை கசங்காத ஆளும் பெட்டி முன்னாடி வந்து நிக்கட்டும்," என்று வாதாடியிருந்தாள். நியாயம்தானே? வந்து நின்றேன்.

ஏழு என்று ஒட்டியிருந்த சுவிட்சை அணைத்து, தன் பூட்டை மாட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள். மீட்டரை வைத்தேன். ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் காட்டியது. எனக்குக் கண்பார்வை நன்றாகவே இருக்கிறது.

"கரண்ட் இல்லை," என்றேன்.

"கரண்ட் இல்லை," என்று சொல்லி உறைகளைக் கழற்றினாள். பிறகு திரும்பி, "உங்களை நான் தப்பா நினைச்சுட்டேன், டுவேன். மனசுல வெச்சுக்காதீங்க," என்றாள். பரவாயில்லை என்றேன்.

லேசாக ஒரு அதிர்ச்சி தட்டினால் வாய் கொஞ்சம் அடங்கும் என்றுதான் நினைத்தேன், ஐயா. அந்தக் கரண்ட் லேசாகத் தட்டாது, பிடித்தால் விடாது என்று செவ்வாய்க்கிழமைதோறும் பாடம் நடத்துகிறவனும் நான்தான்.

அவள் விழுந்த பிறகு இரண்டு நம்பர்களையும் உரித்து மாற்றி ஒட்டினேன். சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறவன் நான். இப்போது அவள் பூட்டு எட்டில் தொங்கியது. நம்பர் மாறியதை மறந்து, பழைய நினைப்பில் எட்டை அணைத்துவிட்டு, நான் வருவதற்குள் அவசரப்பட்டுவிட்டாள், பாவம். அப்படித்தான் எல்லோரிடமும் சொன்னேன். கவனக்குறைவு.

வியாழக்கிழமை வேலையை நிறுத்தியிருந்தார்கள், கூட்டத்தை நிறுத்தவில்லை. தலைமை அலுவலக அம்மா முன்வரிசையில் நின்றார். இறந்துபோன ஓடிலியாவைப் பற்றிப் பேசினேன். ஒருவரும் கொட்டாவி விடவில்லை. கடைசியில் வழக்கம்போல, "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்றேன். வெர்ன் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கையும் மேலே போகவில்லை. சரியாகக் கால் மணி நேரம்.

அடுத்த வரிசையில் பேனல் கழுவிக்கொண்டிருந்த வெர்ன், நான் நம்பரை உரித்ததைப் பார்த்தாராம். கூட்டம் முடிந்ததும் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாராம். அதுதான் எனக்கு மனசு ஆறவில்லை, ஐயா. கூட்டத்திலேயே கை தூக்கிச் சொல்லியிருக்கலாமே. அதற்காகத்தானே நான் தினமும் கேட்கிறேன்.