ஆறாம் நம்பர் தோட்டா

பொன்னுச்சாமி: ...அதில்லீங்க பாய். பெருசுக்கும் ஆகோணும், சிறுசுக்கும் ஆகோணும். ரெண்டுக்கும் சேத்து ஒரே தோட்டா. அப்புடி ஒன்னு இருக்குதுங்களா, இல்லீங்களா?

ரஃபீக்: பெருசுன்னா எம்புட்டுப் பெருசுண்ணே?

பொன்னுச்சாமி: வான்கோழி.

ரஃபீக்: சிறுசு?

பொன்னுச்சாமி: கவுதாரி... காடை... அந்த மாதிரி.

ரஃபீக்: இருபது வருசமா திண்டுக்கல்லுல துப்பாக்கிக் கடை வச்சிருக்கேன். வான்கோழிக்குத் தோட்டா கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான். வளத்த வான்கோழிய யாராச்சும் சுடுவாகளா? கழுத்தப் புடிச்சா ஆச்சு.

பொன்னுச்சாமி: எனக்கில்லீங்க. மாப்புள கேட்டாரு. அசோக்குமாரு. அமெரிக்காவுல இருக்காரில்ல... அங்க காட்டு வான்கோழி இருக்குதாமா. சீசனுக்கு லைசென்ஸ் வாங்கிச் சுடுவாராம்.

ரஃபீக்: அவரு அங்க சுடுறதுக்குத் தோட்டா இங்கேருந்து போகுதாக்கும்?

பொன்னுச்சாமி: சும்மா கேட்டு வையுங்க மாமான்னாரு...

ரஃபீக்: உங்க ஊரு தொப்பம்பட்டிப் பக்கம் இப்ப மக்காச்சோளம் வெதைக்கிற நேரம். உங்க வான்கோழிக்குக் கழுத்து நீலமா இருக்குமோ?

பொன்னுச்சாமி: அய்ய, மயில நான் தொட மாட்டனுங்க. பழனிக்குப் பக்கத்துல இருந்துட்டு அந்தப் பாவம் வேறயா? வானத்தப் பாத்து ஒரு வெடி. முடுக்கி உடறதோட சரி.

ரஃபீக்: அதோட நிறுத்திக்கங்க. கவுதாரியத் தொட்டாலும் கேஸுதான்.

பொன்னுச்சாமி: நம்பரச் சொல்லுங்க பாய். மணி என்னாச்சு?

ரஃபீக்: பதினொன்னுகூட ஆகல. செத்த நேரத்துல நாலு தடவ கேட்டுட்டீக. உக்காருங்க.

பொன்னுச்சாமி: நிக்கிறனுங்க. சொல்லுங்க.

ரஃபீக்: நம்பரு ஏற ஏற ரவை சிறுசாகும். நாலாம் நம்பரு சோளம் பருமன். வான்கோழி விழும், ஆனா கவுதாரி மேல பட்டா திங்க ஒன்னும் மிஞ்சாது. எட்டாம் நம்பரு கடுகு. காடைக்குச் சரி, வான்கோழிக்குச் சொறிஞ்சு விட்ட மாதிரி இருக்கும். நடுவால ஆறு. கம்பு பருமன். ரெண்டுக்கும் தோது. வான்கோழிக்கு மட்டும் கிட்டப் போயி தலைக்குக் குறி வைக்கணும்.

பொன்னுச்சாமி: கிட்டன்னா?

ரஃபீக்: முப்பது கெஜம்.

பொன்னுச்சாமி: பத்தடின்னா?

ரஃபீக்: ...பத்தடி எதுக்குண்ணே?

பொன்னுச்சாமி: ஒரு பேச்சுக்குங்க. ஒரு ரூமுக்குள்ள, வையுங்க...

ரஃபீக்: ரூமுக்குள்ள வான்கோழி என்னத்துக்கு வருது?

பொன்னுச்சாமி: அதான, என்னத்துக்கு வருது... செரி, எல்ஜின்னா? காட்டுப் பன்னிக்குப் போடுவமே.

ரஃபீக்: அது கொண்டக்கடலை பருமன். பறவைக்கு ஆகாது. வீட்டுக்குள்ள வெடிச்சா, எதுல பட்டாலும் திரும்பி வந்து ஆளச் சாச்சிரும். ...ஆமா, இதெல்லாம் மாப்பிள்ளை கேட்டாரா, நீங்க கேக்குறீகளா?

பொன்னுச்சாமி: மாப்புளதான். நானு எதுக்குங்க... அந்த ஃபேனக் கொஞ்சம் போடுங்களே. வேத்துக் கொட்டுது.

ரஃபீக்: ரிப்பேரு. மூணு வாரமாச்சு.

பொன்னுச்சாமி: அதுக்கு ஏனுங்க சாக்கச் சுத்திக் கட்டி வெச்சிருக்கீங்க?

ரஃபீக்: வெள்ளையடிக்கப் போறோம்.

பொன்னுச்சாமி: வேற எதையும் மூடலையே. ஃபேனுக்கு மட்டுந்தான் வெள்ளையா?

ரஃபீக்: மைதீன் மாமா... மாமா. மூணு டீ சொல்லுங்க.

மைதீன் பிச்சை: இந்தப் பக்கம் வந்து சொல்லு ரஃபீக்கு. அந்தக் காது அடைச்சிருக்குன்னு எத்தன தடவ சொல்றது.

ரஃபீக்: டீ. மூணு.

மைதீன் பிச்சை: வாங்கியாறேன்.

பொன்னுச்சாமி: போன தடவ வந்தப்ப நல்லாத்தான இருந்தாரு?

ரஃபீக்: சளி. இருபது வருசமா இந்தக் கடையில துப்பாக்கியத் தொடைச்ச மனுசன். எண்ணெ, தூசி எல்லாந்தான்.

பொன்னுச்சாமி: தொடைப்பாருங்களா? எலக்ஷன் முடியற வரைக்கும் லைசென்ஸ்காரங்க நாங்க உங்ககிட்ட ஒப்படைச்ச துப்பாக்கியக்கூடவா?

ரஃபீக்: ரெண்டு மாசம் சும்மா கெடந்தா துரு ஏறிராதா? தொடைக்கத்தான் செய்வோம்.

பொன்னுச்சாமி: என்றதையும் தொடச்சாச்சுங்களா?

ரஃபீக்: உங்களதா... எது, எத்தனையோ கெடக்கு. பாக்கணும்.

பொன்னுச்சாமி: ரெட்டைக் குழலுங்க. கட்டையில பித்தளப் பட்டம் அடிச்சிருக்கும். செத்த எடுங்களேன். இந்த ஆறாம் நம்பரு அதுல சேருதான்னு நானே தொறந்து...

ரஃபீக்: பன்னெண்டு போரு தோட்டா பன்னெண்டு போருல சேராம எங்க போகும்? மொதல்ல கலெக்டர் ஆபீஸுல, திருப்பிக் குடுக்கச் சொல்லி ஆர்டரு வாங்கியாங்க. அப்பத்தான் எடுக்க முடியும்.

பொன்னுச்சாமி: இந்தாங்க ஆர்டரு.

ரஃபீக்: ...கைலயே வச்சிருக்கீகளா?

பொன்னுச்சாமி: நேத்தே வந்திருச்சுங்க. மொத பஸ்ஸப் புடிச்சு வந்தேன்.

ரஃபீக்: ஆர்டரக் கைல வச்சிக்கிட்டு அரை மணி நேரமா வான்கோழி பேசுனீகளா?

பொன்னுச்சாமி: துப்பாக்கிய எடுங்க பாய்.

ரஃபீக்: நாளைக்கு வாங்களேண்ணே. ரெஜிஸ்டரு வீட்டுல இருக்கு.

பொன்னுச்சாமி: இங்கதான உங்க கைக்குக் கீழ இருக்குது.

ரஃபீக்: இது பழசு. ரெண்டு நா பொறுத்து வாங்க. நல்லா எண்ணெ போட்டுத் தாரேன்.

பொன்னுச்சாமி: எண்ணெ போட வேண்டாமுங்க. யாரும் தொடவே வேண்டாம். எங்கிருக்குதுன்னு சொல்லுங்க, நானே எடுத்துக்கறேன்.

மைதீன் பிச்சை: டீ இந்தா இருக்கு. எத, உங்க பட்டம் அடிச்ச ரெட்டைக் குழலயா? பின்னால அலமாரியில இருக்கு. எடுத்தாறேன்.

ரஃபீக்: மாமா, வேணாம்.

பொன்னுச்சாமி: வேண்டாமுங்க பெரியவரே. தொடாதீங்க.

மைதீன் பிச்சை: இந்தா, கைல எடுத்துட்டேன். இதுக்கு ஏன் ரெண்டு பேரும் பதறுறீக?

பொன்னுச்சாமி: அப்புடியே கீழ வையுங்க. குழல அந்தப் பக்கமாத் திருப்பி... வேண்டாம், சொவத்துக்கு அந்தப் பக்கம் ஆளிருக்கும். மெதுவா... விசையில வெரலு படாம.

ரஃபீக்: என்னண்ணே, என்ன விசயம்?

பொன்னுச்சாமி: எடது குழல்ல ஒரு தோட்டா கெடக்குதுங்க.

ரஃபீக்: எப்பப் போட்டதுண்ணே?

பொன்னுச்சாமி: ஒப்படைக்கிறதுக்கு மொத நா பன்னி வந்துச்சு. ரெண்டு குழல்லயும் போட்டேன், ஒன்ன வெடிச்சேன். அதுக்கே ஓடிப் போச்சு. வெடிச்ச தோட்டாவோட காலிக் கூட்ட எடுத்தவன் இன்னொன்ன மறந்துட்டேன். அப்புடியே பையில போட்டு கல்யாணத்துக்குப் போற மாதிரி பஸ்ஸுல கொண்டாந்து உங்ககிட்டக் குடுத்துட்டேன். நேத்து ஆர்டரு வந்தப்பறந்தான் டப்பாவ எடுத்தேன். ஒன்னு கொறையுது. என்ற சம்சாரம் மூணு தடவ எண்ணிப் பாத்தா.

ரஃபீக்: காலின்னு சீட்டுல கையெழுத்துப் போட்டீகளேண்ணே.

பொன்னுச்சாமி: நீங்களுந்தான பாத்துட்டேன்னு போட்டீங்க.

ரஃபீக்: அன்னைக்கு நாப்பது பேரு வரிசையில நின்னாக...

பொன்னுச்சாமி: உங்களக் கொற சொல்லலீங்க. லைசென்ஸ் போனாப் போகுது. பன்னி மொத்தக் காட்டையும் தின்னுட்டுப் போகட்டும். யாராச்சும் அதக் கையில எடுத்திருந்தா... நெனச்சாலே பயமா இருக்குது. ஆறாம் நம்பரப் போட்டனா எல்ஜியப் போட்டனான்னுகூட நெனவில்ல. ரெண்டும் ஒரே டப்பாவுல கெடந்துச்சு.

ரஃபீக்: மாமா, அந்த ஸ்டூலு மேல ஏறி சாக்க அவுத்து விடுங்க.

மைதீன் பிச்சை: அவுக்கவா? நெசமாவா?

ரஃபீக்: அவுத்து விடுங்க மாமா. பாக்கட்டும்.

பொன்னுச்சாமி: இப்ப எதுக்குங்க ஃபேனு... அய்யோ. ரெக்கையெல்லாம் சல்லடையாட்டம்...

ரஃபீக்: ஓட்டு எண்ணுன அன்னைக்குண்ணே. தெருப் பூரா வெடி போட்டுக்கிட்டு இருந்தாக. அதோட இதும் ஒன்னாப் போச்சு, யாருக்கும் தெரியல. காலின்னு நானே எழுதுன சீட்ட நம்பி, உங்க துப்பாக்கியத் தொடைக்கிறப்ப நானேதான் விசைய இழுத்தேன். மாமா காதுக்குப் பக்கத்துல. துப்பாக்கி நழுவி விழுந்து கட்டை பொளந்திருச்சு, பசை போட்டுக் கட்டி வச்சிருக்கேன். அதான் நாளைக்கு, நாளான்னிக்குன்னேன். நீங்க பத்தடின்னு கேக்கவும், எல்லாந் தெரிஞ்சுதான் என்னைய ஆழம் பாக்குறீகன்னு நெனச்சுட்டேன்.

பொன்னுச்சாமி: பெரியவரே... உங்க காது...

மைதீன் பிச்சை: ஒரு காது இருக்குல்ல, இப்பச் சொன்னதெல்லாம் கேட்டுச்சு. டீயக் குடிங்க, ஆறுது. அது ஆறாம் நம்பருதான், என் தலையிலதான உதுந்துச்சு. எல்ஜியா இருந்திருந்தா, தோட்டா கேட்டு இங்க வந்திருக்க மாட்டீக... துக்கம் கேக்க எங்க வீட்டுக்கு வந்திருப்பீக.