எரியுதா மேடு

ஊருக்குத் தார் ரோடு வராத காலம். சாத்தாங்காட்டுல தளவாய்னு ஒருத்தர் இருந்தாராம். மாசி பிறந்தா மரம் மரமா ஏறிப் புளி உலுக்குறதுதான் அவர் பிழைப்பு.

ஒரு நாள் கால் வச்ச கிளை முறிஞ்சுது. விழும்போதே வலது கையால வேற கிளையைப் பிடிச்சாராம். உடம்புப் பாரம் மொத்தமும் அந்த ஒரு கையில தொங்குச்சு. உயிர் தப்பிச்சுது. கை செத்துப்போச்சு.

எலும்பு முறியல. தோல் கிழியல. தோள்லேருந்து விரல் வரைக்கும் நனைஞ்ச துணியாத் தொங்குச்சாம். கட்டு வைத்தியர் தடவிப் பார்த்தார். "முறிவே இல்லையேப்பா, எதைக் கட்டச் சொல்லுத?"ன்னார். ஆனாலும் முட்டை வெள்ளைக்கருவும் உளுந்தமாவும் பூசி, மூங்கில் பத்தை வச்சுக் கட்டினார். நாற்பது நாள் கழிச்சு அவிழ்த்தாங்க. தொங்குச்சு. கோடாங்கி வந்து வேப்பிலை அடிச்சார். அப்பவும் தொங்குச்சு.

தொங்குறதைக்கூடப் பொறுத்துக்கிட்டாராம். பொறுக்க முடியாதது எரிச்சல். கொதிக்கிற எண்ணெயில கையை முக்கி வச்ச மாதிரி ஓயாம எரியும். அதை யார்கிட்ட சொல்ல?

"கொள்ளிக்கட்டை பட்டாக்கூடத் தெரியாத கை எரியுதாம்லே!" ஊர்க்காரங்க சிரிச்சாங்களாம். "வேலைக்கு வராம இருக்க மச்சான் நல்ல வழி கண்டுபிடிச்சுட்டாரு."

பொண்டாட்டி பேச்சித்தாய் நல்லவதான். அவளே ஒரு நாள், "நெசமாவே எரியுதா, இல்ல உங்க நெனப்பா?"ன்னு கேட்டுட்டா. அன்னைக்கோட அந்தப் பேச்சையே விட்டுட்டாராம். ஆண்டவன் அப்படி ஒரு தனிமையை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது.

கடைசியா டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் ஊசியால குத்திப் பார்த்தார்.

"உள்ளே நரம்பு பிய்ஞ்சுபோச்சு. இனி ஒட்டாது. கையை எடுத்துட்டா பாரம் குறையும்."

"எரிச்சல் போகுமாய்யா?"

"அதை என்னால சொல்ல முடியாது."

"செத்த கை எரியுதுங்கேன். நீங்க நம்புதீங்களா?"

"நம்புறேன். இதையே இன்னொருத்தரும் சொன்னார். வடக்கே கள்ளிப்பாறையில இருக்கார், மாசானம்னு பேரு. அவருக்கு நான்தான் கையை எடுத்தேன். நீங்க யோசிச்சு எட்டு நாள்ல வாங்க."

எடுக்கிறதா, வச்சுக்கிறதா? தளவாய் வீட்டுக்குத் திரும்பல. வடக்கே நடந்தாராம். நடந்தார், நடந்தார், மறுநாள் மத்தியானம் வரைக்கும் நடந்தார்.

மாசானம் ஆடு மேய்ச்சுக்கிட்டு நின்னார். வலது தோளுக்குக் கீழே ஒண்ணுமில்ல. வந்தவரோட கையைப் பார்த்தார். தூக்க வருதான்னு கேக்கல. "எரியுதா?"ன்னார்.

அவ்வளவுதான். தளவாய் மண்ணுல உட்கார்ந்து அழுதுட்டாராம்.

"எனக்கு இன்னும் எரியுது. இல்லாத கையில, விரல் விரலா எரியுது. ஆனா தோள்பாரம் போச்சு, புரண்டு படுக்க முடியுது. ரெண்டையும் சொல்லிட்டேன்யா. முடிவு உம்மோடது."

தளவாய் கையை வச்சுக்கிட்டார். எப்படியும் எரியத்தான் போகுது, கூடப் பிறந்தது கூடவே இருக்கட்டும்னு, துண்டால நெஞ்சோட சேர்த்துக் கட்டிக்கிட்டாராம்.

ரெண்டு ஊருக்கும் நடுவுல ஒரு மண்மேடு. வருஷா வருஷம் தை கடைசி வெள்ளியில ரெண்டு பேரும் அங்கே வந்து உட்காருவாங்க. இடது கையால கட்டுச்சோறு சாப்பிட்டா முகம் சுளிக்க அங்கே ஆள் இல்ல.

ஒரு வருஷம் மாசானம் வரல. பொழுது சாயுற வரைக்கும் பார்த்துட்டு, சோத்தைப் பிரிக்காமலே தளவாய் திரும்பினார். மார்கழியிலயே மாசானம் போய்ச் சேர்ந்துட்டார்னு அப்புறம்தான் சேதி வந்துச்சாம். மறுவருஷமும் போனார். அதுக்கு அடுத்த வருஷமும் போனார். "செத்த ஆளுக்குச் சோறு கொண்டுபோகுது கிறுக்கு"ன்னாங்க.

மாசானம் போன ஒன்பதாவது வருஷம். பொழுது இறங்கிடுச்சு. எழுந்து வேட்டி மண்ணைத் தட்டும்போது, தூரத்துல ஒரு பொம்பளை ஓட்டமும் நடையுமா வந்தாளாம். ஒரு கை முந்தானைக்குள்ள தொங்குது.

"ஐயா, இங்கே சொன்னா நம்புற ஆள் ஒருத்தர் இருக்காருன்னாங்க. போயிட்டாரா?"

தளவாய் திரும்பவும் உட்கார்ந்தார். "இல்ல தாயி. உக்காரு. எரியுதா?"

அந்த மேட்டுக்கு இன்னைக்கும் எரியுதா மேடுன்னுதான் பேரு. அங்கே கோயில் இல்ல, நேர்த்திக்கடன் இல்ல, மருந்தும் கிடையாது. தை கடைசி வெள்ளியில வலியுள்ளவங்க வந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டுப் போறாங்க. எல்லாரும் கலைஞ்சாலும் அவங்கள்ல ஒருத்தர் மட்டும் எழுந்திரிக்க மாட்டார். பாதை கண்ணுக்குத் தெரியுற மட்டும் அதையே பார்த்துக்கிட்டு இருப்பார். யாராவது இன்னும் நடந்து வந்துக்கிட்டிருக்கலாம் இல்லையா.