ஐந்து பலகைகள்

"உனக்கு அவங்களைப் பிடிக்குமாம்மா?" என்று மரண விசாரணை அதிகாரி என்னிடம் கேட்டார். எங்கள் பப்பின் சமையலறையில், நான் உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்து கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் குறித்துக்கொண்டார். அதற்கு மேல் அவர் அதிகம் கேட்கவில்லை. "பொண்ணு பேசாது சார். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்" என்று அப்பா கதவருகே நின்று சொல்லிவிட்டார்.

நான் தலையாட்டியது பொய் இல்லை. மிஸஸ் லெல்லோவை எனக்குப் பிடிக்கும். எங்கள் மார்ல்கோட் பக்கத்தில் என்னைப் பேசச் சொல்லி வற்புறுத்தாதவர் அவர் ஒருவர்தான். மற்றவற்றையும் அந்த அதிகாரி கேட்டிருந்தால் அதே போலத் தலையாட்டியிருப்பேன். கேட்காததை எப்படிச் சொல்வது? அதனால் இந்த நோட்டில் எழுதுகிறேன்.

பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டேன். எழுந்து நின்று சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். வாசிக்க முடியவில்லை, மறுநாள் போகவில்லை, அவ்வளவுதான். அம்மா அப்போது படுத்த படுக்கையாக இருந்ததால் வீட்டில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. 'மூன்று லாடம்' என்ற எங்கள் பப்பில் பின்பக்க வேலையெல்லாம் எனக்கு வந்தது. பாத்திரம், தரை, காய்கறி. முன்பக்கம் போனால்தான் ஆட்கள் முகத்தைப் பார்ப்பார்கள்.

அடுத்த பிப்ரவரியில் அம்மா இறந்தார். எங்கள் ஊரில் நாலு பேர் கூட ஒரு மண்டபம் கிடையாது. அடக்கம் முடிந்து வந்தவர்கள் பப்புக்குள் கொள்ளவில்லை. முற்றத்தில் குடையும் தட்டுமாக நின்றார்கள். மழை ஹாம் சாண்ட்விச் மேல் பெய்தது. அரை மணி நேரத்தில் எல்லோரும் போய்விட்டார்கள். அப்பா அந்த அரை மணி நேரத்தை மறக்கவே இல்லை. அதன் பிறகு எட்டு மாதம் அவர் தன் சொந்த பப்பில் வாடிக்கையாளர் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து குடித்தார். படிக்கட்டிலேயே தூங்கிவிடுவார். பூட்ஸை நான் கழற்றிவிடுவேன்.

அக்டோபரில் ஒரு நாள் காலை, முற்றத்துக்குப் பின்னால் பாழாய்க் கிடந்த வைக்கோல் கொட்டகைக்குள் அவர் ஒவ்வொரு ஓக் தூணையும் சுத்தியலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெரி, இங்க நூறு பேர் உக்காரலாம்டா. கல்யாணம், அறுவடை விருந்து, சாவு, எதுவானாலும் இனிமே யாரும் மழையில நிக்க வேணாம்" என்றார்.

அன்றிலிருந்து அவர் குடிக்கவில்லை. வேலை நடந்தால் அப்பா எனக்கு இருப்பார். வேலை நின்றால் இருக்க மாட்டார். இதை மட்டும் புரிந்துகொண்டால் மற்றவை தாமாகப் புரியும்.

ஞாயிறு தோறும் ஊரே வந்து வேலை செய்தது. தச்சர் நெவில் மேற்பார்வை. பிள்ளைகள் சுண்ணாம்பு குழைத்தார்கள், பெண்கள் கல் பொறுக்கினார்கள். குளிர்காலம் முடிவதற்குள் சுவர்கள் நிமிர்ந்துவிட்டன. பரணும் கூரையும்தான் பாக்கி. மே மாதம் பரணின் மூலையில் வௌவால்கள் தொங்குவதை நெவில் பார்த்தார். எங்கள் நாட்டில் வௌவால் குடியிருக்கும் கூரையில் கை வைக்கக் கூடாது. சட்டம். பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து, வௌவால் எண்ணும் மிஸஸ் லெல்லோ வரவழைக்கப்பட்டார். வயது அறுபதுக்கு மேல். காதில் பென்சில், கழுத்தில் விசில். எங்கே போனாலும் கால் வைக்கும் முன் தரையைப் பார்ப்பவர்.

"லாட மூக்கு வௌவால், ராய். அபூர்வமானது" என்று அவர் அப்பாவிடம் சொன்னபோது பப்பில் ஒரே சிரிப்பு.

"கடைப் பேரு மூணு லாடம். அதுங்க மூக்குலயும் லாடம். சொந்தக்காரங்க வந்து தங்கியிருக்காங்கன்னு நெனச்சுக்கப்பா" என்றார் நெவில்.

"சொந்தக்காரன்னா வந்தவுடனே எல்லாருக்கும் ஒரு கிளாஸ் வாங்கித் தரணும்ல? இதுங்க தலைமேலல்ல கக்கூஸ் போகுது" என்றார் அப்பா.

"அதுதான் வாடகை. உன் தக்காளிச் செடிக்குப் போட்டுப் பாரு, அப்புறம் நீயே போய் அதுங்களுக்குக் கதவு திறந்து விடுவ" என்றார் மிஸஸ் லெல்லோ.

அப்பாவும் சிரித்தார். பிறகு அவர், "எத்தனை நாள் நிறுத்தணும்?" என்று கேட்டார். மிஸஸ் லெல்லோ சிரிக்கவில்லை. ஜூனில் இரண்டு முறை எண்ண வேண்டும். குட்டி போட்டிருந்தால் இது பிரசவ இடம். அப்படியானால் பரண் அவற்றுக்கே சொந்தம், கூட்டமும் இசையும் கூடவே கூடாது. "உன் மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல ராய். ஆனா பார்த்ததைப் பார்க்கலன்னு எழுத எனக்கு வராது."

முதல் தடவை எண்ணும்போது என்னைத் துணைக்கு வைத்துக்கொண்டார். பொழுது சாயும் நேரத்தில் கொட்டகைக்கு வெளியே ஒரு மடக்கு நாற்காலி. கையில் ஒரு பொத்தான். ஒவ்வொரு வௌவால் வெளியே வரும்போதும் ஓர் அழுத்து. வௌவாலின் சத்தத்தை நம் காதுக்கு மாற்றித் தரும் சிறு பெட்டி ஒன்றை என் மடியில் வைத்தார். பாத்திரத்தில் தண்ணீர் கொப்பளிப்பது போன்ற சத்தம் வந்தது. "பார்த்தியா, பேசாதுன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. சரியான பெட்டி இல்ல, அவ்வளவுதான்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அதனால்தான் அவரைப் பிடித்தது.

அன்று முப்பத்தெட்டு. மிஸஸ் லெல்லோ அதை அப்பாவிடம் சொன்னார். பப்பை மூடிய பிறகு அப்பா ஒரு கிளாஸை எடுத்து வெகுநேரம் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். ஊற்றவில்லை. நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன்.

இரண்டாம் எண்ணிக்கைக்கு மூன்று வாரம் இருந்தது. வேலை நிற்பதற்கு முன்பே நெவில் பரணில் ஐந்து பலகைகளின் ஆணிகளைப் பிடுங்கியிருந்தார். அவை உத்தரங்களின் விளிம்பில் வெறுமே கிடந்தன. ஒவ்வொன்றிலும் வெள்ளைச் சாக்கட்டியால் பெரிய பெருக்கல் குறி போட்டிருந்தார். "குறி இருக்கிற பலகையில காலை வைக்காதீங்கம்மா. குறி இல்லாததுல மாட்டையே ஏத்தலாம்" என்று மிஸஸ் லெல்லோவிடம் அவரே காட்டினார். அவரும் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டினார்.

இரண்டாம் எண்ணிக்கை நாளன்று காலை நான் பரணைச் சுத்தம் செய்தேன். எப்போதும் துடைப்பம்தான். அன்று ஈரத்துணியும் கொண்டு போனேன். சாக்கட்டி ஈரத்துணிக்கு நிற்காது. பலகைகள் காய்ந்துவிட்டால் எது எது என்று எனக்கே தெரியாது. அதனால் துடைக்கும் முன்பே எந்தத் தூணிலிருந்து எத்தனையாவது என்று ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டேன்.

அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கால் உடைந்தால் போதும். கால் உடைந்தவர் அந்தக் கோடையில் ஏணி ஏற முடியாது. இதை நான் பல முறை எனக்குள் சொல்லிப் பார்த்தேன், நியாயமாகவே இருந்தது. கீழே, கதிரடிக்கும் கல்தளத்தில், குளிர் இறங்காமல் கூரைக்குள் அடைக்க வாங்கிய கம்பளி மூட்டைகள் அந்தப் பலகைகளுக்கு நேர் கீழே அடுக்கியிருந்தன. அவற்றை நான் சுவரோரம் நகர்த்தினேன். அங்கேயும் பெருக்க வேண்டியிருந்தது.

மாலையில் மிஸஸ் லெல்லோ வந்தார். எனக்கு ஒரு காகிதப் பொட்டலத்தில் இஞ்சி பிஸ்கட் கொண்டுவந்திருந்தார். நாங்கள் இரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்தோம். வானம் வெளுத்து, பிறகு கறுத்தது. ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நான் அழுத்தினேன். நாற்பத்தொன்று.

"அம்மாக்காரிங்க எல்லாம் சாப்பிடப் போயாச்சு. நான் மேல போய்க் குட்டிங்களை எண்ணிட்டு வந்துடறேன். நீ இங்கேயே இரு கண்ணு. உள்ள வராத, பயந்துக்கும்."

அவர் ஏணியில் ஏறும் சத்தம் கேட்டது. சுவரின் இடுக்கில் அவருடைய சிவப்பு டார்ச் நகர்ந்தது. ஓரடி. நின்றார். இன்னோர் அடி. அவர் ஒவ்வொரு பலகையிலும் குறி தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் பெட்டியை அணைத்தேன். பிஸ்கட்டைக் கடித்தால் சத்தம் வரும் என்று வாயிலேயே வைத்திருந்தேன். கூப்பிட வேண்டுமானால் அப்போது கூப்பிட்டிருக்கலாம். நான் பேசுவதில்லை, அது ஊருக்கே தெரியும். ஏழு, எட்டு. "அடடா, எத்தனை" என்று மேலிருந்து அவர் மெல்லச் சொல்வது கேட்டது. ஒன்பதாவது அடியில் பலகை புரண்டது.

நான் உள்ளே போனேன். முதலில் ஏணியில்தான் ஏறினேன், ஏனென்றால் வரிசை அதுதான். காகிதமும் சாக்கட்டியும் என் மேலங்கிப் பையில் இருந்தன. நான்கு பலகைகளுக்குக் குறி போட்டேன். நெவில் குறியின் ஒரு கோட்டை நீளமாக இழுப்பார். நானும் அப்படியே இழுத்தேன். கீழேயிருந்து மிஸஸ் லெல்லோ என் பெயரை இரண்டு முறை கூப்பிட்டார். "மெரியல்" என்று முழுப் பெயரையும் சொல்லி. ஐந்தாவது பலகை அவரோடு விழுந்திருந்தது. அதனால் அதற்கு அவர் பக்கத்தில் மண்டியிட்டுத்தான் குறி போட வேண்டியிருந்தது. அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்ற கண்ணு?" என்றார். பிறகு, "ஹியூவைக் கூப்பிடு" என்றார். ஹியூ அவர் கணவர்.

முற்றத்துக் குழாயில் கையைக் கழுவினேன். கையில் வெள்ளையாக இருந்தால் அப்பா கேட்பார். நகத்துக்குள் போனது லேசில் போகவில்லை. அதன் பிறகு போய் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

விசாரணையில் நெவிலிடம் அவருடைய குறிகளைக் காட்டச் சொன்னார்கள். பரணில் இருந்த ஒரு குறியின் முன்னால் அவர் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். பிறகு, "நான் போட்டதுதான் சார், அஞ்சும்" என்றார். முதலில் போட்டவர் அவர்தானே, அது பொய் இல்லை. குறி இருந்த பலகையில் இருட்டில் மிஸஸ் லெல்லோ கால் வைத்துவிட்டார், விபத்து என்று எழுதினார்கள்.

இரண்டு நாள் பெரிய விளக்குகளோடு ஆட்கள் பரணில் நடந்ததில் வௌவால்கள் இடத்தை விட்டுப் போய்விட்டன. இதை நான் எதிர்பார்க்கவில்லை, தானாக அமைந்தது. தாய்கள் தூக்கிச் சென்றது போக ஏழு குட்டிகள் தரையில் கிடந்தன. அவரைக்காய் அளவுதான். முறத்தில் அள்ளிக்கொண்டேன். ஆகஸ்டில் வௌவால் எண்ண வந்த வேறு ஆள் எதையும் பார்க்கவில்லை. வேலை மறுபடி தொடங்கியது. அப்பா பாடிக்கொண்டே ஆணி அடித்தார்.

நேற்று அறுவடை விருந்தோடு கொட்டகையைத் திறந்தோம். நூற்றிரண்டு பேர். வெளியே மழை, உள்ளே ஒரு சொட்டு இல்லை. மிஸஸ் லெல்லோவின் பெயரை வாசல் உத்தரத்தில் செதுக்க வேண்டும் என்று ஊர் முடிவு செய்திருந்தது. நெவில் மட்டும் தனக்குக் கை வலி என்று மறுத்துவிட்டதால் வெளியூர்க்காரர் ஒருவர் வந்து செதுக்கினார். அப்பா பேசும்போது அழுதார். அந்தம்மா இருந்திருந்தால் முதல் நாற்காலி அவருக்குத்தான் என்றார். அப்பா மனதாரச் சொன்னார்.

மிஸ்டர் லெல்லோ கடைசி மேசையில் தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். நான் டீ கொண்டுபோனேன். அவர் என்னைப் பிடித்து உட்கார வைத்தார்.

"நீதானம்மா கடைசியா அவ கூட இருந்த. ஒண்ணு கேக்கணும். அவ எப்படிப்பட்டவன்னு உனக்குத் தெரியும். படியில இறங்கறப்பகூட எண்ணி எண்ணி இறங்குவா. அவ்வளவு பெரிய குறி மேல எப்படிம்மா கால் வைப்பா?"

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு மத்தியானம் அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டேன். 'என்னைவிட அந்த வௌவால்தான் உனக்கு ஒசத்தி, போ, அங்கேயே தொங்கு'ன்னு. வெளாட்டு இல்ல, கோவமாத்தான் சொன்னேன். அவ பதில் சொல்லாம போயிட்டா. குறியைப் பார்த்துட்டேதான் கால் வச்சாளோன்னு தினமும் தோணுது. தூங்க முடியல. நான்தான் அவளைக் கொன்னேனாம்மா?"

அவர் கோப்பையை எடுக்கப்போய் டீயைச் சாஸரில் சிந்தினார். பாவமாக இருந்தது. செய்யாத ஒன்றுக்காக ஒருவர் இப்படி உருகுவது நியாயம் இல்லை. என் ஒரு வார்த்தையில் அவர் கவலை தீரும் என்றால் அதைச் சொல்லாமல் வைத்திருப்பது கொடுமை அல்லவா?

அதனால் சொன்னேன். குறி இல்லை என்றேன். ஈரத்துணி, காகிதம், கம்பளி மூட்டை, ஐந்தாவது பலகை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் உங்கள் மேல் கோபமாக இல்லை, உங்களைத்தான் கூப்பிடச் சொன்னார், கைகழுவ நேரமாகிவிட்டது என்றேன். இத்தனை வார்த்தைகளை நான் யாரிடமும் ஒரே மூச்சில் பேசியதில்லை. பேசுவது நான் நினைத்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. சுற்றிலும் எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள்.

அவர் முகம் தெளியும் என்று காத்திருந்தேன். நல்ல சேதி கேட்டவுடன் சிலருக்கு வார்த்தை வராது, எனக்குத் தெரியும். வேறு டீ கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தொப்பி கீழே விழுந்தது, எடுக்கவில்லை. நான் எடுத்து நீட்டினேன், வாங்கவில்லை. பாடுகிறவர்களுக்கு நடுவே, பெஞ்சுகளைத் தடவித் தடவி வாசல் வரை போனார். மழை பெய்துகொண்டிருந்தது. அதில் இறங்கி நடந்தார்.