தலைக்கு இவ்வளவு மானியம்

அரக்கோணம் போகும் ரயிலில் என் எதிரே இரண்டு பேர். ஒருவர் திருத்தணி பஞ்சாயத்து போர்டு மெம்பர். மற்றவர், ஊர்களுக்கு மானியம் கணக்குப் போடும் சர்க்கார் குமாஸ்தா. புது மொட்டை, அதில் காயாத சந்தனம்.

“அடுத்த ஜனக்கணக்கை ஆடிக் கிருத்திகையன்னிக்கு எடுக்கச் சொல்லுங்க,” என்றார் மெம்பர்.

“ஏங்க?”

“தலைக்கு இவ்ளோன்னுதானே மானியம் தர்றீங்க? அதுல நாலு துப்புரவு ஆளுதான் வைக்க முடியுது. கிருத்திகைக் கூட்டத்துல காலரா வந்தா?”

“வர்றவங்களை அவங்கவங்க ஊருலயே எண்ணியாச்சுங்க. ரூல் ரொம்ப நியாயமானது.”

“ஆங், ரொம்ப நியாயம். காலையில நீங்க இறக்கின முடியை இந்நேரம் எங்க ஆளு வாரிகினு இருப்பான். உங்க தலைக்கான மானியம் பத்திரமா உங்க ஊரு செங்கல்பட்டுக்குப் போய்ச் சேரட்டும்.”

குமாஸ்தா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்.