டோர்விக்கின் கயிறு

அடுப்புப் பக்கம் நெருங்கி உட்காருங்க. ஜன்னலைப் பார்க்க வேண்டாம். இது நம்ம கர்ட்டிஸோட பெரியம்மா வெர்னாவுக்கு நடந்தது.

ஜனவரி மாதம். மதியம் மூன்று மணி. அமெரிக்காவின் வடக்கே, டகோட்டாவில் டோர்விக் என்ற சின்ன ஊர். ஊருக்கு வெளியே, நினைவுக்கல்லிலிருந்து தேவாலயத்துக்குப் போகும் சாலை. கால் மைல்தான். இரண்டு பக்கமும் அறுத்துவிட்ட கோதுமை வயல். ஒரு மரம் கிடையாது.

கல்லில் இருப்பது ஆண்டர்ஸ் டோர்விக்கின் பெயர். ஊருக்கும் அவர் பெயர்தான். ஊர் உண்டான காலத்தில், ஒரு பனிப்புயலில், பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கயிற்றில் வரிசையாகக் கட்டி இழுத்து வந்தவர். 'பதினொரு பிள்ளைகள். ஒருவரையும் விடவில்லை' என்று கல்லில் வெட்டியிருக்கிறது. வருடா வருடம் அதே நாளில் பதினொரு பிள்ளைகளைக் கயிற்றில் கட்டி அந்தச் சாலையில் நடத்துவார்கள். பிள்ளைகள் ஒன்று, இரண்டு என்று வரிசையாகக் குரல் கொடுக்க வேண்டும்.

அந்த வருடம் முன்னால் நடந்தது வெர்னா. வரிசையில் கடைசி, அவள் மகள் இங்கா. ஆறு வயது.

வெர்னாவுக்கு ஒரு விஷயம் தெரியும். விழா மலருக்காகப் பழைய வருகைப் பதிவேட்டைப் புரட்டியபோது பார்த்தது. புயல் நாளன்று பள்ளிக்கு வந்தவர்கள் பன்னிரண்டு பேர். கடைசிப் பெயர் நீல்ஸ். வயது ஏழு. மறுநாளிலிருந்து அந்தப் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை. விழாக் குழுத் தலைவர் டேலிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் பதிவேட்டை மூடினார்.

"ஊருக்கே அவர் பேரு, வெர்னா. இப்பப் போயி கல்லைக் கொத்தச் சொல்றியா? பேசாம காப்பியைக் குடி."

அவள் குடித்தாள்.

பாதி வழியில் வடக்கே வானம் வெளுத்தது. பிறகு காற்று, பனி... அவ்வளவுதான். தன் கையே தெரியவில்லை. தேவாலயத்தில் டேல் மணியை விடாமல் அடித்தார். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். எண்ணச் சொன்னாள். ஒன்று... இரண்டு... குரல்கள் கிழிந்து கிழிந்து வந்தன. பதினொன்று. இங்காவின் குரல். வெர்னா மூச்சு விட்டாள்.

பன்னிரண்டு.

மெல்லிய குரல். ரொம்பப் பின்னாலிருந்து.

அதற்குப் பிறகு கயிறு கனத்தது. பிள்ளைகள் சறுக்கினார்கள். "அம்மா, இழுக்குது" என்றாள் இங்கா. வெர்னா மற்றவர்களை அப்படியே நிற்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு தலையாகத் தொட்டுக்கொண்டே பின்னால் போனாள்.

இங்காவின் இடுப்போடு கயிறு முடிந்திருக்க வேண்டும். வெர்னாவே போட்ட முடிச்சு. கயிறு அங்கே முடியவில்லை. வெள்ளைக்குள் விறைப்பாக நீண்டு போயிற்று. முறுக்கேறி முனகியது. ஈரக் கம்பளி வாடை. அந்தக் காலப் பள்ளிக்கூட விளக்கின் மண்ணெண்ணெய் வாடை. இங்காவின் கால்கள் பின்னோக்கி நகர்ந்தன.

கோட்டுப் பையில் கத்தி இருந்தது. அந்தப் பக்கம் யாரென்று அவளுக்குத் தெரியும். பெயர்கூடத் தெரியும். கூப்பிடவில்லை.

அறுத்தாள்.

கனம் போயிற்று. அங்கிருந்து ஒரு சத்தமும் இல்லை. அழுதிருந்தாலாவது தேவலை என்று பின்னால் ஒருநாள் சொன்னாளாம்.

தேவாலய வாசலில் டேல் எண்ணினார். பதினொன்று. எல்லோருக்கும் சூடாக சூப் கொடுத்தார்கள். டேல் அவள் தோளைத் தட்டினார்.

"டோர்விக்கே வந்திருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பாரு."

வெர்னா சூப்பைத் தொடவில்லை.

சாயங்காலம் புயல் நின்றது. வீட்டுக்குப் போய் எல்லாக் கதவையும் தாழ் போட்டாள். ஏழு மணிக்கே இங்காவைப் படுக்கவைத்து, தானும் ஒட்டிப் படுத்துக்கொண்டாள். தூக்கக் கலக்கத்தில் பிள்ளை முழங்கையால் இடித்தாள்.

"கொஞ்சம் தள்ளிப் படும்மா. அவனுக்கு இடம் பத்தலை."

வெர்னா தலையைத் தூக்கிக் கதவைப் பார்த்தாள்; தாழ் போட்டபடியே இருந்தது.

பிறகு... தள்ளிப் படுத்தாள்.