ஏழாம் கட்டிலின் இரவுப் பணி

இரவு ஒன்று பத்து. புக்கிட் பாஞ்சாங்கில் கடைசி எல்.ஆர்.டி. ரயிலும் போய் வெகு நேரமாகியிருந்தது. காட்டை ஒட்டி மேடேறும் ஒரு குறுகலான சாலை... அதன் அடியிலேயே டாக்சி நின்றுவிட்டது. ஓட்டுநர் மேலே வரமாட்டேன் என்றார். எழுபது வயதுப் பெண்மணி ஒருவர் இறங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, தனியாக நடக்கத் தொடங்கினார்.

அவர்தான் வசந்தகுமாரி. நம் நிரஞ்சனாவின் பெரியம்மா. நிரஞ்சனா இதோ, இங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். நான் தப்பாகச் சொன்னால் திருத்தட்டும். பிரபாகர், அந்தக் கதவைச் சாத்திவிடு. இந்தப் பாசிர் ரிஸ் கடற்காற்றுக்கு அது அடித்துக்கொண்டே இருக்கிறது.

காட்டுக்குள்ளிருந்து ஒரு பறவை... டொக்... டொக்... டொக்... சுத்தியால் மரத்தைத் தட்டுவதுபோல. சவக்குழி வெட்டும் பறவை என்று மலாய்க்காரர்கள் சொல்வார்கள். வசந்தகுமாரி நிற்கவில்லை. மேட்டின் உச்சியில் முதியோர் பராமரிப்பு இல்லம். அங்கே ஏழாம் கட்டிலில் ஒருவர், அன்று இரவு செருப்பு மாட்டிக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருந்தார். அதைத் தடுக்கத்தான் இவர் போனார்.

விஷயம் இதுதான். வசந்தகுமாரி பத்தொன்பது வயதில் தாதியானவர். நாற்பத்து மூன்று வருடம் மருத்துவமனை வேலை. ஓய்வு பெற்ற பிறகு, தன் தேவாலயத்தின் சார்பில் அந்த இல்லத்துக்குப் போய்வந்தார். மருந்து கொடுப்பதில்லை. சாகக் கிடப்பவர்கள் பக்கத்தில் உட்காருவார். பேசினால் கேட்பார். ஜெபம் வேண்டும் என்றால் ஜெபிப்பார். வேண்டாம் என்றால் கையை மட்டும் பிடித்துக்கொள்வார். எட்டு வருடமாக இதே ஊழியம்.

ஆண்கள் வார்டில் பன்னிரண்டு கட்டில். அந்த மாதம் அங்கே இரண்டு பேர் இறந்தார்கள். முதலில் செல்வராஜ் என்பவர். நான்கு வருடமாக எழுந்து உட்காரவே முடியாதவர். காலையில் பார்த்தால், கட்டிலில் இறந்து கிடக்கிறார்... இரண்டு காலிலும் செருப்பு. அடுத்து ஒரு சீனப் பெரியவர். அவருக்கும் நடக்க முடியாது. அவர் காலிலும் செருப்பு. யாரும் மாட்டிவிடவில்லை என்று ஊழியர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

ஏழாம் கட்டிலில் இருந்தவர் ரெங்கசாமி. எண்பத்தொரு வயது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. வசந்தகுமாரி வந்தால் முகம் மலரும். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம், அவரைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்ன அண்ணே, கோபமா?"

"பகல்ல வந்து கையப் பிடிக்கிறீங்க சிஸ்டரம்மா. ராத்திரியில வந்து ஏன் அப்படிப் பேசறீங்க?"

"நான் ராத்திரியில வந்ததே இல்லையே."

"வந்தீங்க. ரெண்டு நாளா வர்றீங்க. வெள்ளை யூனிஃபார்ம், தலையில தொப்பி. சின்ன வயசா இருந்தீங்க. ஆனா நீங்கதான். தாடையில இதே மச்சம், இதே குரல். உன்னப் பாக்க இனிமே யாரும் வரமாட்டாங்க, செருப்ப மாட்டு, போலாம்னு சொன்னீங்க."

வசந்தகுமாரி கட்டிலோரம் குனிந்தார். "நீங்க என்ன சொன்னீங்க அண்ணே?"

"நாளைக்கு மாட்டிக்கிறேன்னு சொல்லிட்டேன்."

அந்த நாளை என்பது அன்றைய இரவு.

வசந்தகுமாரி நேராக மேலாளரிடம் போனார். இரவு தங்க வேண்டும் என்றார். "எட்டு மணிக்கு மேல வாலண்டியர் யாரும் இருக்கக் கூடாது, சிஸ்டர். ரூல்ஸ் லா," என்று அந்தப் பெண் கையை விரித்துவிட்டார். வீட்டுக்கு வந்து போதகருக்குப் போன் செய்தார். போதகர் நல்ல மனிதர்தான். இந்த வயதில் எதற்கு அலைச்சல், வீட்டிலிருந்தே ஜெபிக்கலாமே என்றார்.

"ஜெபம் வீட்டிலருந்து பண்ணலாம், பாஸ்டர். கட்டில் பக்கத்துல உக்காரணும்னா நேர்லதான் போகணும்."

போனை வைத்துவிட்டு, இரவுப் பணியில் இருந்த ஃபர்சானாவுக்கு அடித்தார். ஃபர்சானா இளம் தாதி. செல்வராஜின் காலிலிருந்து செருப்பைக் கழற்றியவளே அவள்தான். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "பின் கதவைத் திறந்து வைக்கிறேன் சிஸ்டர்," என்றாள்.

ஒன்றே முக்காலுக்கு வசந்தகுமாரி ஏழாம் கட்டிலின் தலைமாட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஃபர்சானா பக்கத்தில் நின்றாள். ரெங்கசாமி விழித்திருந்தார். வார்டில் காற்று மெத்தைகளின் மோட்டார் மட்டும் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. வெளியே டொக்... டொக்...

இரண்டு மணிக்குப் பறவைச் சத்தம் நின்றது.

முதலில் வாசனை. பிணவாடை இல்லை, பூ வாசம் இல்லை. கஞ்சி போட்டு இஸ்திரி செய்த துணியின் வாசனை. கூடவே தரை துடைக்கும் லைசால் மருந்து. ஐம்பது வருடத்துக்கு முந்தைய வார்டு வாசனை. ஃபர்சானாவுக்கும் அது அடித்தது. பிறகு சத்தம்... சரக்... சரக்... விறைப்பான பாவாடை காலில் உரசும் சத்தம். நடைபாதையில் வருகிறது. ஒவ்வொரு கட்டிலாக நின்று நின்று வருகிறது.

ஏழாம் கட்டிலின் கால்மாட்டில் நின்றது.

ஃபர்சானாவின் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. வசந்தகுமாரிக்குத் தெரிந்தது. இருபத்தொரு வயது வசந்தகுமாரி. இடுப்புப் பட்டையில் வெள்ளி பக்கிள், தாடையில் மச்சம். இவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. ரெங்கசாமியையே பார்த்தது.

"யாரும் வரமாட்டாங்க. நேரமாச்சு. செருப்ப மாட்டு."

வசந்தகுமாரியின் சொந்தக் குரல். அந்த நொடியில் பயத்தைவிட முதலில் வந்தது வெட்கம் என்று நிரஞ்சனாவிடம் சொல்லியிருக்கிறார். இளம் வயதில், தூக்கமில்லாத ஏதோ ஒரு இரவில், நானே யாரிடமாவது இப்படிப் பேசியிருக்கிறேனா... என்று தேடிப் பார்த்தாராம். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை.

அதற்குள் ரெங்கசாமி எழுந்து உட்கார்ந்திருந்தார். ஒரு வருடமாக உட்காராத மனிதர். கால்கள் இரண்டும் கட்டிலுக்கு வெளியே தொங்கின. பாதம் தரையில் செருப்பைத் தடவித் தேடியது.

வசந்தகுமாரி ஓடினாரா என்றா கேட்கிறாய், யாமினி? இல்லை. கோபம் வந்ததாம். குனிந்து, இரண்டு செருப்பையும் எடுத்து, தன் கைப்பையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினார். பிறகு எழுந்து, கட்டிலுக்கும் அதற்கும் நடுவில் போய் நின்றார்.

"ரிப்போர்ட் குடு," என்றார்.

அது அசையவில்லை.

"கட்டில் ஏழு. இவர் பேரு என்ன? சாயங்காலம் எவ்வளவு சாப்பிட்டாரு? கடைசியா எத்தன மணிக்குத் திருப்பிப் படுக்க வச்சாங்க? எந்தப் பக்க இடுப்புல வலி?"

அதன் உதடுகள் மட்டும் அசைந்தன. யாரும் வரமாட்டாங்க... நேரமாச்சு... அதே வார்த்தை, அதே இழுப்பு. வேறு எதுவும் அதற்குத் தெரியவில்லை.

"தெரியலயா? பேஷண்டோட பேரு தெரியாம அவரத் தொடக் கூடாது. இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அம்பத்தொரு வருஷம் வேல செஞ்சிருக்கேன். நம்பி எனக்குக் கையக் குடுத்தவங்க எத்தன பேரு. நீ இத மாட்டிக்கிட்டு வந்து அவங்கள ஏமாத்துவியா? இந்த மூஞ்சி வேணும்னா என் வேலையச் செய். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பிப் படுக்க வை. முதுகப் பாரு. வாய நனச்சு விடு. முடியாதுன்னா வெளிய போ."

அது போகவில்லை. வசந்தகுமாரியும் நகரவில்லை. "ஃபர்சானா, தூக்கு," என்றார். இரண்டு பேரும் ரெங்கசாமியைப் படுக்க வைத்து, இடது பக்கம் திருப்பி, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்தார்கள். வசந்தகுமாரி ஈரப் பஞ்சால் அவர் உதட்டைத் துடைத்தார். அது பார்த்துக்கொண்டு நின்றது. இவரும் பதிலுக்கு நின்றார், வீங்கிய முழங்காலோடு. நான்கு மணிக்கு மறுபடியும் திருப்பினார்கள். அப்போது ரெங்கசாமியின் உடம்பு ரொம்ப லேசாக இருந்ததாம்... கால் பக்கம் இன்னொருவர் பிடித்துத் தூக்கியதுபோல. ஃபர்சானா தன் கைகளைப் பார்த்தாள். ஐந்தரைக்கு வெளியே பறவைகள் கத்த ஆரம்பித்தபோது, அந்தக் கஞ்சி வாசனை போயிருந்தது.

அதன் பிறகு பத்தொன்பது இரவு வசந்தகுமாரி போனார். மேலாளர் தெரிந்துகொண்டு, கூப்பிட்டுக் கண்டித்தார். "போலீஸக் கூப்பிடுங்கம்மா. அவங்க வர்ற வரைக்கும் நான் அந்த நாற்காலியிலதான் இருப்பேன்," என்றார் இவர். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அது மறுபடி வந்ததா என்று நிரஞ்சனா பலமுறை கேட்டிருக்கிறாள். பெரியம்மா பேச்சை மாற்றிவிடுவார். ஆனால் அந்த வார்டில் அதற்குப் பிறகு யார் காலிலும் செருப்பு இல்லை.

இருபதாம் நாள், மதியம் மூன்று இருபதுக்கு, ரெங்கசாமி இறந்தார். பயமில்லாமல் இறந்தார். ஒரு கை வசந்தகுமாரியின் கைக்குள் இருந்தது. நெற்றியில் திருநீறு வேண்டும் என்று கேட்டார். வசந்தகுமாரியே பூசிவிட்டார். தேவாலயத்தில் யாரோ இதைப் பற்றி முணுமுணுத்தபோது, "அவரு நெத்தி, அவரு சாமி. விரல் மட்டும்தான் என்னோடது," என்றாராம். ஐந்து மணிக்கு உடலை எடுத்துப்போனார்கள். ஃபர்சானா மெத்தையைத் துடைத்து, புது விரிப்புப் போட்டாள். வசந்தகுமாரி தேக்கா பக்கத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு வந்து, குளித்து, மூன்று வாரத்தில் முதல் முறையாகத் தன் கட்டிலில் படுத்தார்.

இரவு இரண்டு மணிக்குப் போன் அடித்தது. ஃபர்சானா.

"சிஸ்டர்... நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

"வீட்லதான்மா. ஏன்?"

ஃபர்சானா குரலைத் தாழ்த்தினாள்.

"உள்ள ஒருத்தங்க திருப்பிப் படுக்க வச்சிட்டிருக்காங்க, சிஸ்டர். வெள்ளை யூனிஃபார்ம். இந்தத் தடவ எனக்கே தெரியுது. கண்ணாடி வழியா பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

வசந்தகுமாரி எழுந்து உட்கார்ந்தார். "சரியாச் செய்றாளா?" என்று கேட்டார்.

"சரியாத்தான் செய்றாங்க. இடது பக்கம் திருப்பி, தலகாணி வச்சு, பஞ்ச நனச்சு... எல்லாம் நீங்க செய்ற மாதிரியேதான். ஆனா சிஸ்டர்... அது ஏழாம் கட்டில். அங்க யாருமே இல்ல."

"அப்புறம் யாரத் திருப்புறா?"

"மெத்தையில ஆள் படுத்த மாதிரி பள்ளம் விழுந்திருக்கு."